மேட்டில் பூத்த மாமரம் பள்ளத்தில் ஏன் பூக்கவில்லை? மலை சொல்லும் பூக்கணக்கு!

மரத்தடி - வாரத் தொடர்

"பாப்பா, பத்திரிகையில வேலை பாக்குறியே... மரத்துக்குக் கிறுக்குப் பிடிக்குமா?"

பொங்கலுக்கு ஊருக்குப் போன அன்றைக்கு, பையை இறக்கி வைப்பதற்குள் பெரியப்பா கேட்ட கேள்வி இது.

எங்கள் ஊர் மருங்காபுரி. திருச்சியிலிருந்து மதுரை போகும் வழியில், துவரங்குறிச்சிக்குப் பக்கம். ஊரைத் தாண்டி ஒரு கரட்டு அடிவாரத்தில் தாத்தா வைத்த மாந்தோப்பு இருக்கிறது. நாற்பது மரம் சொச்சம். செந்தூரம், கல்லாமை, ஆசைக்கு இரண்டு இமாம்பசந்த். தோப்பின் ஒரு பக்கம் கரட்டை ஒட்டிய மேடு. இன்னொரு பக்கம் கண்மாயை ஒட்டிய பள்ளம். இரண்டுக்கும் நடுவே நடந்தால் மூச்சு வாங்காது, ஆனால் சைக்கிளில் வந்தால் பெடல் மிதிக்க வேண்டாம். அவ்வளவுதான் சரிவு.

தை பிறந்ததும் குத்தகைக்காரர் வந்து பூவைப் பார்ப்பார். காய்க்கு இல்லை, பூவுக்குத்தான் விலை பேசுவார். இந்த முறை வந்தவர் தோப்பைச் சுற்றிவிட்டு, வழக்கமான தொகையில் பாதியைத்தான் சொன்னார். காரணம், மேட்டு மரங்களில் கொத்துக் கொத்தாகப் பூ. பள்ளத்து மரங்களில் ஒரு பூகூட இல்லை. செம்பழுப்பு நிறத்தில் புதுத் தளிர் மட்டும் தளதளவென்று நின்றது.

"பள்ளத்து மரத்துக்கெல்லாம் வயசாயிடுச்சுண்ணே. வெட்டிட்டு வேற வைங்க" என்று மரம் அறுப்பவர் ஒருவர் வந்து விலையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாசி கடைசிக்குள் பதில் சொல்வதாகப் பெரியப்பா சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்பத்தா திண்ணையிலிருந்து, "பழனிக்கு நடந்து போற கூட்டம் இந்தப் பக்கம் போறப்போ தோப்பே கமகமன்னு இருக்கும்த்தா. அதைப் பார்த்துத்தான் நாங்க பூசம் வருதுன்னு சொல்லுவோம். இப்ப பூசமும் வருது, பூவைக் காணோம்" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேன் பெரியப்பா" என்று திருச்சிக்குப் பஸ் ஏறினேன். பதில் கிடைத்தது ஒரு மலைப்பயணத்தில். அதைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

ஒரே நாளில் மூன்று சிவப்பு

மாசி முதல் வாரத்தில் அலுவலக வேலையாகக் கொடைக்கானல் போக வேண்டியிருந்தது. முதல் நாள் ஊரில் தங்கிவிட்டு, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகப் போனேன்.

நத்தம் தாண்டியதும் சாலையோரம் முதல் சிவப்பு கண்ணில் பட்டது. இலவ மரம். இலை ஒன்றுகூட இல்லை. மொட்டைக் கிளைகளில் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த சிவப்புப் பூக்கள். மைனா, காக்கை, அணில் என்று மரம் முழுக்க ஒரே சத்தம். 'இலவு காத்த கிளி' என்று பழமொழியில் கேட்டிருப்போம். இலவு பூக்கும்போது கிளிக்கு ஏமாற்றம் இல்லை, நல்ல விருந்துதான். காய் பழமாகும் என்று காத்திருக்கும்போதுதான் ஏமாற்றம்.

வத்தலக்குண்டு தாண்டி மலைச்சாலை தொடங்கியது. காது அடைத்துத் திறந்தது. பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டங்கள். அங்கே காபிச் செடிக்கு நிழல் தரவும் மிளகுக்கொடி படரவும் கல்யாண முருங்கை வைத்திருக்கிறார்கள். இரண்டாவது சிவப்பு அதில் இருந்தது. இதுவும் இலையை உதிர்த்துவிட்டு, பூவை மட்டும் வைத்துக்கொண்டு நின்றது.

மறுநாள் கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் போகும் வழியில் ஸ்வெட்டரையும் மீறிக் குளிர் ஏறியது. புல்வெளி ஓரத்தில் முறுக்கிய தண்டோடு, பட்டை தடித்த ஒரு குட்டை மரம். கரும்பச்சை இலை. அதன் நுனியில் கொத்தாக, ரத்தச் சிவப்பில் பூ. அதுதான் காட்டுப்பூவரசு. ஆங்கிலத்தில் ரோடோடென்ட்ரான் என்கிறோமே, அந்தக் குடும்பத்தில் நம் தென்னிந்திய மலைகளுக்கு என்று இருக்கும் மரம். இது இலையை உதிர்ப்பதில்லை. பனியும் காற்றும் வெயிலும் காட்டுத்தீயும் பழகிய மரம்.

கீழே, நடுவே, மேலே என்று மூன்று மரம், மூன்று சிவப்பு. மூன்றும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் பூத்திருந்தன. 'உயரம் ஏறினால் பூ தள்ளிப்போகும்' என்று படித்திருந்த எனக்கு இது குழப்பமாக இருந்தது. ஒரே மாசத்தில் பூக்கும் மூன்றும் ஒரே காரணத்துக்காகவா பூக்கின்றன?

இல்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி

முதலில் உயரக் கணக்கு. கடல் மட்டத்திலிருந்து மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைகிறது, வெப்பமும் குறைகிறது. சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ். திருச்சி 100 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஆக, இரண்டுக்கும் 13 டிகிரி வித்தியாசம். திருச்சியில் ஃபேன் ஐந்தில் சுற்றும்போது அங்கே கம்பளி விற்பதற்குக் காரணம் இதுதான்.

குளிர் கூடினால் மரத்துக்குள் எல்லாமே மெதுவாக நடக்கும். மொட்டு வளர்வதும் விரிவதும் தாமதமாகும். அமெரிக்க வேளாண் துறையில் பூச்சியியல் ஆய்வாளராக இருந்த ஆண்ட்ரூ டெல்மர் ஹாப்கின்ஸ் 1918-ல் இதற்கு ஒரு கணக்கே சொன்னார். வசந்த காலத்தில் 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர் மேலே போனால், பூப்பது போன்ற நிகழ்வுகள் 4 நாள்கள் தள்ளிப்போகும். வடக்கே ஒரு டிகிரி அட்சரேகை நகர்ந்தாலும் அதே 4 நாள்கள்.

இமயமலையில் இது கண்ணுக்குத் தெரியும். உத்தராகண்டின் மாநில மரமான 'புரான்ஸ்', நம் காட்டுப்பூவரசின் மிக நெருங்கிய சொந்தம். அங்கே அடிவாரப் பக்கம் முதலில் பூக்கும். பிறகு வாரம் வாரமாகச் சிவப்பு மேலே ஏறிக்கொண்டே போகும். கீழே பூ உதிர்ந்த பிறகும் மேலே மொட்டு காத்திருக்கும்.

மாமரத்திலும் இந்தத் திசை உண்டு. தெற்கே மார்கழி, தையில் பூக்கும் மா, உத்தரப்பிரதேசம், பீகார் பக்கம் பிப்ரவரி, மார்ச்சில்தான் பூக்கிறது.

நம் மலைக்கு அந்தக் கணக்கு போதாது

ஹாப்கின்ஸ் கணக்கை நம் ஊருக்குப் போட்டுப் பார்த்தேன். திருச்சிக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே இரண்டு மாதத்துக்கும் மேல் வித்தியாசம் வர வேண்டும். ஆனால் மாசியில் கீழேயும் சிவப்பு, மேலேயும் சிவப்பு.

அவர் கணக்குப் போட்டது பனி மூடும் குளிர்காலம் உள்ள நாட்டுக்கு. அங்கே மரம் காத்திருப்பது சூட்டுக்கு. நாம் இருப்பது வெப்ப மண்டலத்தில். எங்கள் ஊர்ப் பக்கம் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். லண்டனில் அது எட்டு மணி நேரத்துக்கும் மேல். ஆகவே பகல் நீள்வதும் பனி உருகுவதும் நம் மரங்களுக்குப் பெரிய மணியோசை இல்லை. மழை நிற்பதும், மண் காய்வதும், மறுபடி ஒரு மழை விழுவதும்தான் பெரிய செய்தி.

இலவ மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து மண் காயத் தொடங்கியதும் இலையை உதிர்க்கிறது. இலை இருந்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும். தண்டில் சேமித்த தண்ணீரைக் கொண்டு பூக்கிறது. இலை மறைக்காததால் பறவைக்குத் தூரத்திலிருந்தே பூ தெரியும். கல்யாண முருங்கைக்கும் இதே தந்திரம்தான்.

காட்டுப்பூவரசின் கதை வேறு. அது நிற்கும் உயரத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் பள்ளமான இடங்களில் உறைபனியே விழும். பகலில் நல்ல வெயில், இரவில் கடும் குளிர். அந்தக் குளிரைத் தாண்டி வந்து, கோடை மழைக்கு முன்னால், பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பூக்கிறது.

ஆக, உயரம் மரத்துக்கு இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று, குளிரைக் கொடுக்கிறது. இன்னொன்று, தண்ணீரை மாற்றுகிறது. மலையின் எந்த முகம் பருவக்காற்றைப் பார்க்கிறது, எங்கே மேகம் தங்குகிறது, எங்கே மழைநீர் நிற்காமல் வடிகிறது என்பதெல்லாம் இதில் அடங்கும். ஒரே உயரத்தில், மலையின் இரண்டு பக்கம் நிற்கும் ஒரே ரக மரங்கள் வேறு வேறு வாரத்தில் பூப்பதற்கு இதுதான் காரணம்.

யோசித்துப் பார்த்தால் நம் முன்னோர் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். நிலத்துக்குப் பெயர் வைக்கும்போது பூவையும் மரத்தையும்தான் தேடினார்கள். மலைக்குக் குறிஞ்சி, காட்டுக்கு முல்லை, வயலுக்கு மருதம். அதோடு விடாமல், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், முல்லைக்குக் கார்காலமும் என்று பருவத்தையும் சேர்த்தே சொன்னது தொல்காப்பியம். நிலம், பூ, பருவம் மூன்றும் ஒரே கணக்கு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

காபி காத்திருக்கும் ஒரு மழை

தண்ணீர்க் கணக்கைப் புரிந்துகொள்ளக் காபியைவிட நல்ல ஆசிரியர் இல்லை. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. சேர்வராயன் மலை, கொல்லிமலை, சிறுமலை என்று நம்மைச் சுற்றியுள்ள மலைகளிலும் காபி உண்டு.

காபிச் செடியில் பூமொட்டு முன்பே உருவாகிவிடும். ஆனால் விரியாது. மண் காய்ந்து, செடி தாகத்தில் இருக்கும் அந்த நிலையில் மொட்டு அப்படியே தூங்கும். மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை விழ வேண்டும். விழுந்தால் ஒன்பது, பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே வெள்ளை. மல்லிகை மாதிரி மணம். இரண்டு, மூன்று நாளில் எல்லாம் முடிந்துவிடும். பிறகு சில வாரங்கள் கழித்து இன்னொரு மழை வந்தால்தான் பிடித்த பிஞ்சு நிற்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, முதலில் வறட்சி தேவை, பிறகு மழை தேவை என்ற வரிசை. தையிலும் மாசியிலும் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டே இருந்தால் மொட்டு நாலு தவணையாக விரியும். பழமும் நாலு தவணையாகப் பழுக்கும். பறிக்க நாலு முறை ஆள் கூலி கொடுக்க வேண்டும். அடுத்த முறை காபி விலை ஏறும்போது, மலையில் மழை எந்த மாதம் பெய்தது என்றும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

170 மீட்டர் கீழே இறங்கிய மரம்

சரி, பருவநிலை மாற்றம் இதில் எங்கே வருகிறது?

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால், 2011-2020 காலத்தில் பூமியின் சராசரி வெப்பம் சுமார் 1.1 டிகிரி கூடியிருக்கிறது என்கிறது ஐ.நா.வின் பருவநிலைக் குழு. 'ஒரு டிகிரிதானே' என்று தோன்றும். அதை மலைக் கணக்கில் மாற்றிப் பார்ப்போம். 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி என்றால், 1.1 டிகிரி என்பது சுமார் 170 மீட்டர். நின்ற இடத்திலேயே நிற்கும் மரத்தைத் தூக்கி 170 மீட்டர் கீழே நட்டதற்குச் சமம். இது தோராயக் கணக்குதான். எல்லா மலையும் ஒரே அளவில் சூடாகவில்லை. ஆனால் மரத்தின் நிலைமையைப் புரிந்துகொள்ள இது உதவும்.

மரம் அதற்கு என்ன செய்கிறது? குளிருக்குக் கட்டுப்பட்ட மரங்கள் சீக்கிரம் பூக்கின்றன. ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரிப் பூ எப்போது முழுதாக மலர்ந்தது என்று அரண்மனைக் குறிப்புகளிலும் துறவிகளின் நாட்குறிப்புகளிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர் யாசுயுகி அவோனோ அவற்றைத் தேடித்தொகுத்தார். 812-ம் ஆண்டு வரை பின்னால் போகும் அந்தப் பட்டியலில், 2021 மார்ச் 26 அதுவரை இல்லாத அளவுக்குச் சீக்கிரமான தேதி.

நம் இமயத்திலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். உலர்த்திப் பாதுகாக்கப்பட்ட பழைய பூ மாதிரிகளில் எழுதியிருந்த தேதிகளையும் நேரில் பார்த்ததையும் ஒப்பிட்டு, மத்திய இமயத்தில் புரான்ஸ் பூக்கும் காலம் நூறு ஆண்டுகளில் சுமார் 3 மாதம் முன்னால் நகர்ந்திருக்கக்கூடும் என்று 2014-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. உத்தராகண்டில் அந்தப் பூவைப் பறித்து சர்பத் செய்து விற்பது மலைக் கிராமப் பெண்கள் பலருக்கு வருமானம். பூ முந்தினால் அவர்கள் வேலையும் முந்த வேண்டும்.

நம் பக்கம் இன்னும் சிக்கல். சூடு ஒரு திசையில் போகிறது. மழையோ எந்தத் திசையிலும் போகலாம். 2021 ஜனவரி ஞாபகம் இருக்கிறதா? பொங்கல் நேரத்தில் கொட்டிய மழையில் அறுவடைக்கு நின்ற நெல் வயலிலேயே சாய்ந்தது. அந்த முறை வடகிழக்குப் பருவமழை ஜனவரி 19-ம் தேதிதான் விலகியது. காய வேண்டிய மண் தையிலும் ஈரமாக இருந்தால், வறட்சியைப் பார்த்துப் பூக்கும் மரம் என்ன செய்யும்? அதனால்தான் நம் ஊரில் சில மரம் முந்துகிறது, சில மரம் பிந்துகிறது, சில மரம் இரண்டு தவணையாகப் பூக்கிறது.

பூ மட்டும் மாறினால் பரவாயில்லை. அதை நம்பியிருப்பவர்கள் இருக்கிறார்களே! மலைத்தேனீக்கள் பூக்கும் பருவத்தைப் பின்தொடர்ந்து சமவெளிக்கும் மலைக்கும் இடம் மாறுபவை. நீலகிரியில் குறும்பர், இருளர் மக்கள் தேன் எடுப்பது அந்த வரவை நம்பித்தான். பூ ஒரு வாரத்திலும் தேனீ இன்னொரு வாரத்திலும் வந்தால் காயும் இல்லை, தேனும் இல்லை.

காட்டுப்பூவரசுக்கு இன்னொரு கவலை உண்டு. இமயத்தில் சூடு கூடினால் மரம் தலைமுறை தலைமுறையாக மேலே நகர இடம் இருக்கிறது. பழனி மலை சுமார் 2,500 மீட்டரில் முடிந்துவிடுகிறது. நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதற்கு மேல் வானம்தான். இமயத்துச் சொந்தம் இருப்பதோ 2,000 கிலோமீட்டருக்கு அப்பால். கீழே சூடான சமவெளி, மேலே வானம் என்று இந்த மரம் ஒரு தீவில் நிற்பதைப் போல நிற்கிறது.

மேடும் பள்ளமும்

கொடைக்கானலிலிருந்து திரும்பும்போது பெரியப்பாவின் கேள்வி வேறு மாதிரி தெரிந்தது. எங்கள் தோப்பின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இருக்கும் உயர வித்தியாசத்தில் குளிர் மாறவே மாறாது. அப்படியென்றால் மாறியது தண்ணீராகத்தான் இருக்க வேண்டும்.

தோட்டக்கலைத் துறையில் இருக்கும் ஓர் அலுவலரிடம் போனில் நிலைமையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பள்ளத்து மரங்களுக்கு மார்கழியில தண்ணி விட்டாங்களா?"

போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெரியப்பாவிடம் நீட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போன வருஷம்தான் சார் பள்ளத்துப் பக்கம் சொட்டுநீர் போட்டேன். மரம் நல்லா இருக்கட்டும்னு மார்கழி பூராவும் மோட்டார் ஓட்டுனேன்" என்றார்.

விஷயம் இதுதான். மாமரம் பூ எடுக்க முற்றிய இலை வேண்டும், குளிர்ந்த இரவு வேண்டும், கொஞ்ச நாள் தண்ணீர்த் தட்டுப்பாடும் வேண்டும். அந்தக் காய்ச்சலில்தான் மரம் 'இலை போதும், பூவுக்குப் போவோம்' என்று மாறுகிறது. ஆகவே பூப்பதற்கு முந்தைய இரண்டு, மூன்று மாதங்கள் தண்ணீரை நிறுத்துவது பழைய வழக்கம். கண்மாய் ஈரம், தள்ளிப்போன மழை, போதாக்குறைக்குச் சொட்டுநீர் என்று மூன்றும் சேர்ந்ததால் பள்ளத்து மரங்களுக்கு மழைக்காலம் முடிந்ததே தெரியவில்லை. அவை துளிர் விட்டுக்கொண்டே இருந்தன. மேட்டில் கரட்டு மண் தண்ணீரை வடித்துவிட்டது. மரம் காய்ந்தது, பூத்தது.

இமயத்தில் மேலே போனால் பூ பிந்துகிறது. எங்கள் தோப்பில் மேட்டு மரம் முந்திவிட்டது. அங்கே உயரம் செய்தது குளிர் வேலை, இங்கே வடிகால் வேலை.

"அப்போ மரத்துக்குக் கிறுக்கு இல்ல" என்றார் பெரியப்பா. "எனக்குத்தான்."

அலுவலர் விடவில்லை. "உங்க தப்பு மட்டும் இல்லைங்க. மாமரம் ஒரு வருஷம் நல்லாக் காய்ச்சா அடுத்த வருஷம் ஓய்வெடுக்கும். மழையும் சேர்ந்துடுச்சு. எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஒரு வருஷம் பூக்கலைன்னு மரத்தை வெட்டாதீங்க" என்றார். கூடவே இரண்டு எச்சரிக்கையும் சொன்னார். பூ வராத பயத்தில் கடைக்காரர் சொன்னார் என்று வேரில் ஊற்றும் பேக்லோபியூட்ரசோல் மாதிரியான மருந்தைக் கை போன அளவில் ஊற்றக் கூடாது. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து அது, அளவு தப்பினால் மரமே ஒடுங்கும். இரண்டாவது, தண்ணீரை நிறுத்துவது பூக்கும் வரைதான். பட்டாணி அளவுக்குப் பிஞ்சு பிடித்த பிறகு மேட்டு மரங்களுக்குத் தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பிஞ்சு உதிரும். நம் திருச்சி மாவட்டத்தில் சந்தேகம் கேட்க சிறுகமணியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகங்களும் உண்டு. கடைக்குப் போவதற்கு முன் அங்கே ஒரு போன் போடலாம்.

மரம் அறுப்பவரிடம் பெரியப்பா, "இந்த வருஷம் வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டார். உண்மையிலேயே உள்ளே பொந்து விழுந்திருந்த இரண்டு மரங்கள் மட்டும் போயின. குத்தகைப் பணம் பாதிதான் வந்தது. அதில் மாற்றமில்லை. அக்காவின் படிப்புக்கு வாங்கிய கடனின் ஒரு தவணை தள்ளிப்போனது. இதையெல்லாம் எந்த அறிவியலும் திருப்பிக் கொடுக்காது. ஆனால் நாற்பது வருஷத்து மரங்கள் நிற்கின்றன.

ஒரு மரம், ஒரு நோட்டு

அன்று மாலை பெரியப்பா பரணிலிருந்து ஒரு கட்டு நோட்டுகளை இறக்கினார். குத்தகைக் கணக்கு. தாத்தா காலத்திலிருந்து, குத்தகைக்காரர் பூப் பார்க்க வந்த தேதி, பேசிய தொகை, கொடுத்த முன்பணம். பணத்துக்காக எழுதியது. ஆனால் எனக்கு அது கியோட்டோ நாட்குறிப்பு மாதிரி தெரிந்தது. பழைய நோட்டுகளில் தேதிகள் பொங்கலை ஒட்டியே இருக்கின்றன. சமீபத்திய நோட்டுகளில் ஒரு வருஷம் மார்கழி, ஒரு வருஷம் மாசி என்று சிதறிக் கிடக்கின்றன. ஒரு தோப்பின் நோட்டு எதையும் நிரூபித்துவிடாது. குத்தகைக்காரர் வேறு வேலையில் தாமதமாக வந்திருக்கலாம். ஆயிரம் தோப்பின் நோட்டு இருந்தால் கதையே வேறு.

அப்படி ஒரு நோட்டை இந்தியா முழுக்கச் சேர்ந்து எழுதும் முயற்சியும் நடக்கிறது. 2010-ல் தொடங்கிய 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் தெரு மரத்தைப் பதிவு செய்து, அது எப்போது துளிர்க்கிறது, பூக்கிறது, காய்க்கிறது என்று குறிப்பு அனுப்பலாம். கேரளத்துப் பள்ளி மாணவர்கள் இதில் ஏராளமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். விஷுவுக்கு முன்பே கொன்றை பூத்து உதிர்ந்துவிடுகிறது என்ற பாட்டிமார்களின் பேச்சைச் சோதித்துப் பார்க்க இப்போது ஆதாரம் சேர்கிறது.

வீட்டில் செய்வதும் எளிது. தினமும் கடந்து போகும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். வேம்பு, புங்கை, மா, எதுவானாலும் சரி. வாரம் ஒரு நாள் பார்த்து நான்கு விஷயம் எழுதுங்கள்: புதுத் தளிர் இருக்கிறதா, மொட்டு இருக்கிறதா, பூ எவ்வளவு, காய் எவ்வளவு. அந்த வாரம் மழை பெய்ததா என்று ஒரு வரி. மரத்துக்கு யாராவது தண்ணீர் விட்டார்களா என்று இன்னொரு வரி. இந்தக் கடைசி வரியின் அருமை எங்கள் பெரியப்பாவுக்குத் தெரியும். மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஒரு படி கூடுதலாகச் செய்யலாம். ஏறும்போது எந்த ஊரில், எந்த மரம், பூவில் இருந்ததா காயில் இருந்ததா என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் அதே வாரம் போகும்போது ஒப்பிடலாம். பூவைப் பறிக்க வேண்டாம், போட்டோ போதும்.

போன வாரம் ஊருக்குப் போனபோது குத்தகை நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், பெரியப்பாவின் கோணல் எழுத்தில், பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் இப்படி இருந்தது:

'மேட்டு மரம் பிஞ்சு பிடிச்சாச்சு. பள்ளம் பூ இல்லை. கார்த்திகையில் மோட்டார் நிறுத்தவும்.'

பக்கத்திலேயே அப்பத்தா சொல்லி எழுதச் சொன்ன வரி: 'பூசம் அன்னைக்குப் பார்க்கவும்.'

வரும் தையில் என்ன ஆனது என்று கண்டிப்பாக இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய நோட்டு இருந்தால் தேடிப் பாருங்கள். அடுத்த வாரம் வேறொரு மரத்தடியில் சந்திப்போம்!